ஆடும் யந்திரத்துக்குக் கணக்குப் போட்ட மாக்ஸ்வெல்

1841-ம் ஆண்டு. ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ நகரம்.

பத்து வயதுப் பையன் ஒருவன் புதுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போய்விட்டு வீடு திரும்பினான். அவன் சட்டை கிழிந்து தொங்கியது. மற்றப் பையன்கள் சூழ்ந்துகொண்டு பிடித்து இழுத்துவிட்டார்கள்.

காரணம் என்ன? அந்தச் சட்டையும், முனை சதுரமாக இருந்த பூட்சும், அவன் தகப்பனார் தம் சொந்த யோசனைப்படி செய்து கொடுத்தவை. பேச்சோ நாட்டுப்புறப் பேச்சு. பையன்கள் அவனுக்கு மக்கு என்று பட்டப்பெயர் சூட்டிவிட்டார்கள்.

அந்த மக்குதான் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்! மின்சாரம், காந்தம், ஒளி மூன்றும் ஒரே குடும்பம் என்று கணக்கால் காட்டிய மேதை. அது ஊரறிந்த கதை. நாம் சொல்ல வந்தது அவர் போட்ட இன்னொரு கணக்கு.

இரண்டாவது இடம்

மாக்ஸ்வெல் பிறந்தது 1831 ஜூன் 13-ந் தேதி. எட்டு வயதில் தாயாரை இழந்தார். வயிற்றில் புற்றுநோய்.

எதைக் கண்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்டு வீட்டாரைத் துளைத்து எடுப்பார். 14 வயதில் முட்டை வடிவக் கோடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எடின்பரோ ராயல் சொசைட்டியில் சிறுவன் எழுந்து பேச முடியுமா? அவருக்காக ஒரு பேராசிரியர் படித்தார்.

பிறகு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை. 1854-ல் நடந்த பெரிய கணிதப் பரீட்சையில் மாக்ஸ்வெலுக்கு இரண்டாவது இடம்தான் கிடைத்தது. முதலாவதாக வந்தவர் எட்வர்டு ரவுத். இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுழலும் குண்டுகள்

நீராவி யந்திரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமே, அதற்காக ஜேம்ஸ் வாட் 1788-ல் ஒரு கருவியைப் பொருத்தினார். அதில் இரண்டு இரும்புக் குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் குண்டுகள் மேலே எழும்பும். நீராவி வரும் வழி சிறிது அடைபடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வழி திறக்கும். ஆள் வேண்டாம். யந்திரமே தன்னைத் திருத்திக்கொள்ளும்.

ஆனால் சில யந்திரங்களில் ஒரு தொல்லை. வேகம் கூடும், குறையும், மறுபடி கூடும். ஆட்டம் நிற்கவே நிற்காது!

சைக்கிள் பழகுகிறவனைப் பாருங்கள். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் பதறிப்போய் ஹாண்டில்பாரை வெடுக்கென்று திருப்புவான். வண்டி வலது பக்கம் சாயும். மறுபடி திருப்புவான். கடைசியில் தொப்பென்று விழுவான். திருத்தாததால் அல்ல, அதிகமாகத் திருத்தியதால் விழுந்தான்.

லண்டனில் பேராசிரியராக இருந்தபோது, ஒரு மின்சாரப் பரிசோதனைக்காக மாக்ஸ்வெலும் நண்பர்களும் கம்பிச் சுருளை ஒரே வேகத்தில் சுழற்ற வேண்டியிருந்தது. வேகத்தை அடக்கும் கருவியோடு அவர் பழகியது அப்போதுதான். 1868-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு சிறு அதிர்ச்சி வந்தால், அது தேய்ந்து மறையுமா, வளர்ந்து யந்திரத்தையே ஆட்டிவைக்குமா? ஓட்டிப் பார்க்காமலே, காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்ல வழி காட்டினார்.

எளிய யந்திரங்களுக்கு விடை வந்தது. சிக்கலான யந்திரங்களுக்கு அவராலும் முடியவில்லை! மற்றக் கணித நிபுணர்களிடம் வெட்கப்படாமல் உதவி கேட்டார்.

சில ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் ஆடம்ஸ் பரிசுப் போட்டிக்கு இதையே விஷயமாக வைத்தார்கள். பரீட்சகர்களில் மாக்ஸ்வெலும் ஒருவர். 1877-ல் பரிசு பெற்றவர் யார் தெரியுமா? அன்று பரீட்சையில் அவரை முந்திய அதே ரவுத்!

பவர் பாங்க்கின் உள்ளே

ரவுத் தந்த விதியை இன்றும் எஞ்சினீரிங் மாணவர்கள் படிக்கிறார்கள். நீராவி யந்திரம் போய்விட்டாலும் அதற்கு வேலை போகவில்லை.

செல்போனுக்கு உயிர் கொடுக்கும் பவர் பாங்க்கை எடுத்துக்கொள்வோம். உள்ளே உள்ள பாட்டரி சுமார் 3.7 வோல்ட். வெளியே வர வேண்டியது 5 வோல்ட். இதை உயர்த்துவது ஒரு கம்பிச் சுருளும், வினாடிக்குப் பல லட்சம் தடவை போட்டு அணைக்கப்படும் ஒரு நுண்ணிய சுவிட்சும்தான். சுவிட்சைப் போட்டால் சுருளில் மின்சக்தி சேரும். அணைத்தால், சேர்ந்தது பாட்டரியின் சக்தியோடு கூடி வெளியே பாயும்.

வோல்ட் குறைந்தால் சுவிட்ச் போட்டிருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அதற்கு உள்ளேயே ஒரு காவல்காரக் கருவி உண்டு. இங்கேதான் வேடிக்கை! சுவிட்ச் போட்டிருக்கும் வரை சுருளிலிருந்து வெளியே ஒன்றும் போகாது. ஆகவே நேரத்தைக் கூட்டியவுடன் வோல்ட் ஏறாது. முதலில் இன்னும் இறங்கும். அப்புறம்தான் ஏறும். காவல்காரன் அவசரக்காரனாக இருந்தால், இறங்குகிறதே என்று மேலும் மேலும் கூட்டுவான். பிறகு வோல்ட் எல்லை மீறும். குறைப்பான். முதலில் இன்னும் ஏறும். புதுச் சைக்கிள்காரன் கதைதான்!

எனவே அவனைக் கொஞ்சம் நிதானக்காரனாகவே அமைக்கிறார்கள். எவ்வளவு நிதானம்? அதற்குத்தான் அன்று மாக்ஸ்வெல் கேட்ட கேள்வியை இன்றும் கேட்டுக் கணக்குப் போடுகிறார்கள்.

ரவுத் பரிசு பெற்ற இரண்டாம் ஆண்டு, 1879 நவம்பர் 5-ந் தேதி, மாக்ஸ்வெல் கேம்பிரிட்ஜில் காலமானார். வயது 48. தாயாரைக் கொண்டுபோன அதே வயிற்றுப் புற்றுநோய். அவரும் ஏறக்குறைய அதே வயதில்தான் இறந்தார்.