சூலையால் ஆட்கொள்ளப்பெற்ற நாவரசர்

சைவ சமய குரவர் நால்வருள் ஒருவராகிய திருநாவுக்கரசு நாயனார் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருக்குப் பெயர்கள் பல. பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். சமண சங்கத்தார் அளித்த பெயர் தருமசேனர். இறைவன் அருளிய பெயர் நாவுக்கரசு. ஆளுடைய பிள்ளையார் அழைத்த பெயர் அப்பர். இப்பெயர்கள் யாவும் பிறர் தந்தவை. இவற்றை விடுத்து, ‘நான் யார்’ என்பதற்கு அவர் தாமே கூறிய விடை ஒன்று உண்டு. அதனை உணர அவர்தம் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மைந்தராக அவர் தோன்றினார். தமக்கையார் திலகவதியார். அவ்வம்மையாரை மணக்க இசைந்திருந்த கலிப்பகையார் அரசன் ஏவலால் போர்மேற் சென்றார். அந்நாளில் புகழனார் நோயுற்று மறைந்தார். கணவரைப் பிரிந்து வாழ ஒருப்படாத மாதினியாரும் உடன் சென்றார். அத்துயர் ஆறுமுன் கலிப்பகையார் போர்க்களத்தில் பட்ட செய்தியும் வந்தது. அவரையே கணவராக உள்ளத்திற் கொண்டிருந்த திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். தமக்கையாரும் பிரிவாராயின் தாம் முன்னரே உயிர்நீப்பதாகக் கூறி, இளையவர் அடிவீழ்ந்து அழுதார். தம்பி உயிர்வாழ வேண்டும் என்னும் ஒன்றே அம்மையாரை இவ்வுலகில் நிறுத்தியது.

இத்துணை இழப்புகளை இளமையிற் கண்டவர்க்கு நிலையாமை நூலிற் கற்கும் பாடமன்று. மனையில் கண்ட உண்மை. ஆதலின் பொருளை அறச்சாலைக்கும் தண்ணீர்ப் பந்தருக்கும் வழங்கினார். மெய்ந்நெறி யாதெனத் தேடினார். அத்தேட்டம் அவரைப் பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரிலிருந்த சமணப் பள்ளியிற் சேர்த்தது. அங்கே அந்நெறி நூல்களை ஐயமறக் கற்று, வாதில் வல்லவராய், தலைமைப் பதவியும் தருமசேனர் என்னும் பெயரும் பெற்றார். திலகவதியாரோ கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அலகிட்டு, மெழுக்கிட்டு, மாலை தொடுத்துத் தொண்டு செய்து, தம்பியை மீட்டருள வேண்டுமென விண்ணப்பித்து வந்தார். சூலை நோய் தந்து அவரை ஆட்கொள்வோம் என இறைவன் அம்மையாருக்குக் கனவில் அருளினான்.

சூலை தருமசேனரைப் பற்றியது. வயிற்றினுள்ளே கனல்போல் மூண்டு குடரை முறுக்கியது. அவர் கற்ற மந்திரங்கள் உதவவில்லை. பிற துறவிகள் மந்திரித்த நீரை உண்பித்தும் மயிற்பீலியால் தடவியும் பார்த்தனர். நோய் மிகுந்ததேயன்றித் தணியவில்லை. புகழும் கல்வியும் தலைமையும் அவ்வலியின் முன் நில்லாது போயின. தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தாம் வாரோம் என்று அம்மையார் மறுத்துவிட்டார். பேரன்பு கொண்ட தமக்கையாரின் மறுப்பு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதுவே தம்பியை எழுந்து நடக்கச் செய்தது. உடுத்த பாயும், உறியில் தூங்கிய குண்டிகையும், பீலியும் அங்கேயே ஒழிய, வெண்துகில் உடுத்து, துணைவர் கைபற்றி, இருளிலே திருவதிகை சேர்ந்தார்.

திலகவதியார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். வைகறையில் திருவலகும் கோமயமும் தோண்டியும் ஏந்தி அம்மையார் திருக்கோயிலுள் செல்ல, தம்பியார் பின் சென்றார். நேற்றுவரை ஒரு சங்கத்தின் தலைவராக இருந்தவர், அலகு ஏந்திய தமக்கையின் அடியொற்றி நடந்த அந்நடையே அவர்தம் மறுபிறப்பு. அங்கே அவர் பாடிய முதற்பதிகத்தால் சூலை அகன்றது. நாவுக்கரசு என்னும் பெயர் வானொலியாக எழுந்தது.

அந்நோய் பொய்யென்றும், தமக்கையின்பாற் செல்வதற்குப் புனைந்த சூழ்ச்சியென்றும் பல்லவ மன்னனிடம் முறையிட்டனர். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. நீற்றறை, நஞ்சு, யானை, கடலில் கல்லொடு பிணித்தல் என்னும் துன்பங்கள் தொடர்ந்தன. கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் அதே திருப்பாதிரிப்புலியூர். முன்னம் தருமசேனராக வீற்றிருந்த ஊரிலே நாவுக்கரசராகக் கரையேறினார். பின்னர் அம்மன்னனும் சைவம் சார்ந்தான்.

சீகாழியில் ஞானசம்பந்தப் பிள்ளையார் அவரை ‘அப்பர்’ என்றழைத்தார். இளமையில் தந்தையை இழந்தவரைத் தெய்வக் குழந்தை தந்தையாக ஏற்றது.

இனி, அவர் தாமே கூறிய விடை. திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், நாவரசரைக் காணாமலே அன்புகொண்டு, தம் மக்களுக்கும் தண்ணீர்ப் பந்தருக்கும் பசுக்களுக்கும் அவர் பெயரையே சூட்டியிருந்தார். அவ்வூருக்கு எழுந்தருளிய நாவரசர், அவர் பெயர் எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என வினவ, சினமுற்ற அப்பூதியார் வந்தவர் யாரெனக் கேட்டார். மன்னனை வென்றவர் என்றோ, கல்லில் மிதந்தவர் என்றோ நாவரசர் கூறவில்லை. வேறு துறையினின்று ஏறும்படி, இறைவன் சூலை தந்து ஆட்கொள்ள உய்ந்த சிறியேன் என்றே கூறினார். நீங்கிப் பல காலமான நோயே அவர் தம்மைக் குறிக்கக் கொண்ட அடையாளம். அதனை மறைக்க நாணவில்லை. சமணத்தில் இருந்த காலத்தையும் மறைக்கவில்லை.

முதுமையில் கயிலைக்குச் செல்லும் வழியில், பாதங்கள் தேய, கைகள் தேய, மார்பும் சிதையப் புரண்டு சென்றார். அவ்வுடல் அனைத்தும் ஓய்ந்த பின்னும் உள்ளம் ஓயவில்லை. பொய்கையில் மூழ்குக என்னும் அருள்வாக்கின்படி மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கே கயிலைக் காட்சி கண்டார். இறுதியில் திருப்புகலூரில், உழவாரம் கொண்டு திருமுற்றத்தில் புல் செதுக்குகையில் பொன்னும் மணியும் வெளிப்பட்டன. அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒப்ப எண்ணி வாவியில் எறிந்தார். 81-ஆம் வயதில், சித்திரைச் சதயத்தில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

அவர் பாடல்கள் 4, 5, 6-ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன. கோயில்களில் அவர் திருவுருவம் ஏந்தி நிற்பது உழவாரம் ஒன்றே. திலகவதியார் கையில் இருந்த திருவலகே தம்பியார் கையில் உழவாரமாயிற்று எனலாம். பொன் ஈந்து கோபுரம் எடுப்போரும், புல் செதுக்கி முற்றம் காப்போரும் அவர் வழியினரே. நோயுற்று, உற்றாரை இழந்து, நிலை தாழ்ந்து திருக்கோயில் வாயிலை அடைவோர் எக்காலத்தும் உளர். அவர்களுக்கு நாவரசர் வரலாறு காட்டும் உண்மை இதுவே: துன்பம் தம்மை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை மறவாதவர்க்கு, அத்துன்பமும் திருவருளின் வாயிலாகும்.