எரிமலையைக் காதலித்தவர், எளிய மக்களுக்காகப் படம் எடுத்தவர்... காத்யா கிராஃப்ட்டின் கதை!

1991, ஜூன் 15. பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்துச் சிதறிய நாள். 20-ம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய எரிமலை வெடிப்பு அது. ஆனா, வெடிச்ச அன்னிக்கு மலையடிவார ஊர்கள் பலவும் காலியாக இருந்தன. சில வாரங்களுக்கு முன்புவரை, அது எரிமலை என்பதையே நம்பாத மக்கள் அங்கே இருந்தார்கள். அவங்களை நம்பவெச்சு கிளப்பியதில் ஒரு வீடியோ கேசட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் படத்தைக் கணவரோடு சேர்ந்து எடுத்த பெண், வெடிப்புக்கு 12 நாள்களுக்கு முன்புதான் ஜப்பானில் வேறொரு எரிமலையில் உயிரிழந்திருந்தார். அவர் பெயர் காத்யா கிராஃப்ட்.

எரிமலை சேர்த்துவைத்த ஜோடி

1942 ஏப்ரல் 17-ல், பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பிறந்தவர் காத்யா. இளம் வயதிலேயே எரிமலைகள் மீது தீராத ஆர்வம். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பக்கம் போனார். எரிமலை வாயுக்களை அளந்து ஆராய்வதுதான் அவருடைய ஏரியா. எரிமலைக்குப் பெண்கள் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது.

அங்கேதான் மோரிஸ் கிராஃப்ட் அறிமுகமானார். அவர் புவியியல் படித்தவர், காத்யாவைவிட நான்கு வயது இளையவர். ஏழு வயதில் இத்தாலியின் ஸ்ட்ராம்போலி எரிமலையைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருந்தவர். ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்... அப்புறம் என்ன? 1970-ல் கல்யாணம். ஹனிமூனுக்குப் போன இடம்கூட கிரேக்க நாட்டின் எரிமலைத் தீவான சான்டோரினிதான்!

குழந்தை வேண்டாம் என்று சேர்ந்தே முடிவெடுத்தார்கள். உலகில் எங்கே எரிமலை குமுறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மோரிஸ் கையில் சினிமா கேமரா, காத்யா கையில் ஸ்டில் கேமரா. புத்தகங்கள், சொற்பொழிவுகள், படங்கள் மூலம் வந்த வருமானமே அடுத்த பயணத்துக்கான டிக்கெட். வெப்பத்தைத் தாங்கும் வெள்ளி நிற உடையில், நெருப்புக் குழம்புக்குச் சில அடி தூரத்தில் காத்யா நிற்கும் புகைப்படங்கள் இன்றைக்கும் பார்க்கிறவர்களைப் பதறவைக்கும்.

இருவரில் நிதானமானவர் காத்யாதான். 1971-ல் இந்தோனேசியாவின் ஈஜென் எரிமலையில், கந்தக அமிலம் நிறைந்த ஏரிக்குள் ரப்பர் படகில் இறங்கிவிட்டார் மோரிஸ். மணிக்கணக்கில் அவர் அங்கே மிதந்துகொண்டிருக்க, கரையில் நின்ற காத்யாவுக்கு பயமும் கோபமும்.

அதே ஈஜெனில் இன்னொரு காட்சியும் உண்டு. பள்ளத்தில் உறைந்து கிடக்கும் மஞ்சள் கந்தகத்தை உடைத்து, 70 முதல் 90 கிலோ வரை கூடைகளில் ஏற்றி, தோளில் சுமந்து மலையேறும் தொழிலாளர்கள். ஒருபக்கம் சாகசத்துக்காக எரிமலைக்குள் இறங்குகிறவர்கள், மறுபக்கம் சாப்பாட்டுக்காக இறங்குகிறவர்கள். காத்யாவின் பிற்கால வாழ்க்கையை நகர்த்தியது இந்த இரண்டாவது கூட்டம்தான்.

சிவப்பு நல்லது... சாம்பல் நிறம் ஆபத்து!

எரிமலைகளை இந்தத் தம்பதி எளிமையாக இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒன்று, சிவப்பு எரிமலை. ஹவாய், ஐஸ்லாந்தில் இருப்பதுபோல, நெருப்புக் குழம்பு ஆறாக ஓடும். வீட்டை எரிக்கும், நிலத்தை மூடும். ஆனா, பெரும்பாலும் மனுஷன் நடந்தே தப்பித்துவிடலாம்.

இன்னொன்று, சாம்பல் நிற எரிமலை. பூமியின் ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழையும் இடங்களில் உருவாவது. உள்ளே இருக்கும் குழம்பு கெட்டியானது, வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். கடைசியில் குண்டுபோல வெடிக்கும். பல நூறு டிகிரி வெப்பத்தில் சாம்பலும் பாறைத்துகளும் வாயுவும் கலந்து, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் மலைச்சரிவில் உருண்டு வரும். இதுக்கு முன்னால் ஓடி ஜெயிக்க முடியாது.

1980-ல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்து 57 பேரைக் கொன்றது. அதில் ஓர் இளம் எரிமலை ஆய்வாளரும் இருந்தார். அதன்பிறகு காத்யாவும் மோரிஸும் சாம்பல் எரிமலைகள் பக்கம் திரும்பினார்கள். அந்த வகை எரிமலைகள் பல இருப்பது இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கொலம்பியா போன்ற நாடுகளில். அவற்றின் அடிவாரத்தில் வாழ்வது பெரும்பாலும் ஏழை விவசாயிகள்.

ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் அங்கேயே இருக்காங்க? வெளியிலிருந்து பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எரிமலைச் சாம்பல் மக்கி உருவாகும் மண் நல்ல வளமான மண். காணி நிலம் இருந்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். சமவெளி நிலம் ஏற்கெனவே வசதியானவர்கள் கையில். எரிமலை எப்போதோ ஒரு தலைமுறையில் வெடிக்கும், பசி தினமும் வரும். இந்தக் கணக்கில் எரிமலை தோற்றுப்போகிறது.

ஆர்மேரோ: வரைபடம் இருந்தும் போன உயிர்கள்

1983-ல் இந்தோனேசியாவின் உனா உனா தீவு எரிமலை குமுறியபோது, ஆய்வாளர்களின் எச்சரிக்கையைக் கேட்டு, தீவின் சுமார் 7,000 மக்களையும் முன்கூட்டியே வெளியேற்றினார்கள். பிறகு வெடித்தது, தீவின் பெரும்பகுதி கருகியது. ஆனால், மக்கள் பிழைத்தார்கள். காத்யாவும் மோரிஸும் அங்கே சென்று படமெடுத்தார்கள். சொன்னதைக் கேட்டால் காப்பாற்ற முடியும் என்பதற்குக் கண்முன் இருந்த சாட்சி அது.

இரண்டே ஆண்டுகளில் நேர்மாறான சாட்சி கிடைத்தது. 1985 நவம்பர் 13, கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ். வெடிப்பு சின்னதுதான். ஆனால், அதன் வெப்பம் உச்சியிலிருந்த பனியை உருக்கியது. தண்ணீர், சாம்பல், பாறை எல்லாம் கலந்து, குழைத்த கான்கிரீட் மாதிரி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தது. இதை லஹார் என்பார்கள். சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, இரவில், ஆர்மேரோ நகரை அது மூடியது. மொத்தம் சுமார் 23,000 பேர் பலி.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எந்தெந்த ஊருக்குச் சேறு வரும் என்று காட்டும் அபாய வரைபடம் முந்தின மாதமே தயாராகிவிட்டது. பத்திரிகையிலும் வந்தது. 1845-லும் இதே பள்ளத்தாக்கில் சேறு வந்து மக்களைக் கொன்றிருக்கிறது, அந்தச் சேற்றுப் படிவின் மேல்தான் ஆர்மேரோவே எழுந்து நின்றது. ஆனாலும், மக்களை வெளியேற்றினால் செலவாகும், வெடிக்காவிட்டால் கெட்ட பேர் வரும் என்ற தயக்கம் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு. அன்று மாலை சாம்பல் விழுந்தபோதும், பயப்படாமல் வீட்டிலேயே இருக்கும்படிதான் ஊராருக்குச் சொல்லப்பட்டது. இரண்டரை மணி நேரம் இருந்தது. பக்கத்து மேட்டுக்கு நடந்து ஏற அது போதும்.

இடிபாடுகளில் கழுத்தளவு நீரில் சிக்கி, மூன்று நாள் போராடி இறந்த 13 வயது ஒமைரா சான்செஸின் புகைப்படம் உலகையே உலுக்கியது. ஆர்மேரோவுக்குப் போன கிராஃப்ட் தம்பதியும் மனம் உடைந்தார்கள். விஞ்ஞானிகளின் வரைபடம் அதிகாரிகளின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர்களுக்கு அதிலிருந்த ஆபத்து உறைக்கவில்லை. காகிதத்தில் இருக்கும் சிவப்புக் கோடு யாரையும் ஓடவைக்காது. கண்ணால் பார்த்தால்தான் புரியும்!

கண்ணால் பார்க்க ஒரு படம்

அப்படிப் பிறந்ததுதான் எரிமலை அபாயங்களைப் புரியவைக்கும் வீடியோ. உலக எரிமலை ஆய்வாளர்கள் சங்கத்துக்காக, யுனெஸ்கோ ஆதரவில் இருவரும் அதை உருவாக்கினார்கள். சாம்பல் மழை, நெருப்பு மேகம், சேற்று வெள்ளம், மலைச்சரிவு, சுனாமி, எரிமலைக் குழம்பு, விஷ வாயு... ஒவ்வொன்றும் எப்படி வரும், வந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் படம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் இலக்கு. இருபது ஆண்டுகளாக உயிரைப் பணயம்வைத்து எடுத்த காட்சிகளுக்கு இப்போது ஒரு வேலை கிடைத்தது.

படம் முழுமையாகத் தயாராகும் முன்பே அவசரம் வந்துவிட்டது. 1991 ஏப்ரலில் பினாடுபோ புகையத் தொடங்கியது. சுமார் 500 ஆண்டுகள் தூங்கிய மலை அது. சுற்றியிருந்தவர்களுக்கு அது வெறும் காட்டு மலை. மலைச்சரிவில் வாழ்ந்த ஐடா பழங்குடி மக்களுக்கோ அது அவர்களின் தெய்வம் அப்போ நமல்யாரியின் வீடு. அதைவிட்டு எங்கே போவது?

பிலிப்பைன்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள், முழுமையடையாத அந்த வீடியோவையே கையில் எடுத்தார்கள். அதிகாரிகளுக்கு, ராணுவத்தினருக்கு, மாணவர்களுக்கு, ஊர்மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜனாதிபதி கொரசான் அக்கினோவும் பார்த்தார். ஆர்மேரோவின் பிணங்களைப் பார்த்த பிறகு, வெளியேறச் சொல்லும் உத்தரவு வெற்று வார்த்தையாக இல்லை. பல்லாயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள்.

ஜூன் 3, உன்சென்

அதே நேரம் காத்யாவும் மோரிஸும் ஜப்பானின் உன்சென் மலைக்குப் போயிருந்தார்கள். நெருப்பு மேகத்தைக் கிட்டத்திலிருந்து படமெடுக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஜூன் 3 மாலை நான்கு மணிக்குப் பிறகு, எதிர்பார்த்ததைவிடப் பெரிய மேகம் சரிந்து வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஹாரி கிளிக்கனும் கிராஃப்ட் தம்பதியும் உட்பட 43 பேர் இறந்தார்கள். காத்யாவுக்கு வயது 49, மோரிஸுக்கு 45. இருவரின் உடல்களும் அருகருகே கிடைத்தன.

இதில் பேசப்படாத ஒரு பக்கமும் இருக்கிறது. இறந்தவர்களில் பலர் பத்திரிகையாளர்கள். அவர்களை அழைத்து வந்த டாக்ஸி டிரைவர்கள், அந்தப் பகுதியைக் காவல்காக்க வந்த உள்ளூர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், போலீஸாரும் செத்துப்போனார்கள். மக்களை வெளியேறச் சொல்லியிருந்த பகுதி அது. எரிமலையைப் பார்க்கும் ஆசையில் வெளியூர்க்காரர்கள் உள்ளே போக, அதற்கான விலையில் ஒரு பங்கை உள்ளூர்க்காரர்கள் கொடுத்தார்கள். காத்யாவைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

12 நாள்களுக்குப் பிறகு...

ஜூன் 15-ல் பினாடுபோ வெடித்தது. அன்றைக்கே ஒரு புயலும் அந்தப் பகுதியைக் கடந்தது. மழையில் நனைந்து கனத்த சாம்பல், வீட்டுக் கூரைகளை உடைத்தது. சுமார் 300 பேர் அப்படி இறந்தார்கள். ஆனால், முன்கூட்டியே வெளியேற்றியதால் குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் கணக்கிடுகிறது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. மலையிலிருந்து தப்பித்த ஐடா மக்களுக்கு முகாமில் தட்டம்மையும், வயிற்றுப்போக்கும், நிமோனியாவும் காத்திருந்தன. நோயால் மட்டும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அவர்களில் பலர் ஐடா குழந்தைகள். அடுத்தடுத்த ஆண்டுகளின் மழைக்காலங்களில் லஹார் வந்து ஊர்களையும் வயல்களையும் புதைத்தது. மலையில் விளைந்ததைத் தின்று வாழ்ந்தவர்கள் மறுகுடியிருப்புகளில் கூலி வேலை தேடினார்கள். எச்சரிக்கை உயிரைக் காப்பாற்றும். அதற்குப் பிறகான வாழ்க்கைக்கு நிலமும், மருந்தும், தடுப்பூசியும் வேண்டும். அதை ஒரு வீடியோ கேசட்டால் கொடுக்க முடியாது.

காத்யா, மோரிஸ் எடுத்த காட்சிகளைவைத்து 2022-ல் சாரா டோசா இயக்கிய 'ஃபயர் ஆஃப் லவ்' ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. வெள்ளி உடையும் சிவப்புத் தொப்பியும் நெருப்பு ஊற்றும் பார்க்க அவ்வளவு அழகு. நேரம் கிடைச்சா அவசியம் பாருங்க. அப்படியே, அதில் சில நிமிடங்கள் மட்டும் வந்துபோகும் ஆர்மேரோவின் சேற்றையும் கவனிச்சுப் பாருங்க. அந்தச் சேற்றை இன்னொரு ஊர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் காத்யா தன் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார்.