நொட்டாங்கை மிருதங்கம்: மேடையையே இடம் மாற வெச்ச பழனி சுப்பிரமணிய பிள்ளை!

நீங்க நொட்டாங்கைக்காரரா? அப்போ இதெல்லாம் உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். கடையில இடது கையால காசு நீட்டினா ஒரு முறைப்பு. பந்தியில அந்தக் கை இலைப் பக்கம் போனாலே பாட்டியோட அதட்டல். பிரசாதம் வாங்கப் போனா, சோத்தாங்கையை நீட்டச் சொல்லி ஒரு உத்தரவு. காலேஜ் நாற்காலியில எழுதுற பலகைகூட வலது பக்கம்தான் இருக்கும்.

இதெல்லாம் சின்னச் சின்ன எரிச்சல். ஆனா, அந்த ஒரே காரணத்துக்காக உங்க தொழிலே கிடைக்காமப் போனா? கையில வித்தை இருந்தும், உட்கார இடமே இல்லைன்னு ஆகிட்டா? அப்படி ஒரு நிலைமையில இருந்து மேல வந்தவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. கர்னாடக இசையில 'மிருதங்க மும்மூர்த்திகள்'னு மூணு பேரைச் சொல்வாங்க. பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி, மூணாவது நம்ம பழனி. இதுல முருகபூபதி நமக்கு ரொம்பப் பக்கம். 1985-ல் விருதுநகர் மாவட்டம் தனியாப் பிரியுற வரைக்கும் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் எல்லாமே ராமநாதபுரம் மாவட்டம்தானே!

அப்பாவுக்கே தயக்கம்

சுப்பிரமணிய பிள்ளை பிறந்தது 1908-ல். அப்பா முத்தையா பிள்ளை பெரிய லய வித்வான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை வழியில வந்தவர். பஜனைகள்ல தட்டிக்கிட்டிருந்த கஞ்சிராவை, உடும்புத் தோல் போர்த்தின அந்தச் சின்ன வட்ட வாத்தியத்தை, கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தவர் மான்பூண்டியா பிள்ளை. கணக்கு வழக்குல புலிகள் நிறைஞ்ச பரம்பரை அது.

அப்படிப்பட்ட வீட்டுல பிறந்த பையனுக்கு இடது கைதான் முந்துச்சு. அப்பாவுக்கு அது பெரிய குறையாப் பட்டுச்சு. இவன் கத்துக்கிட்டாலும் மேடையில யார் சேர்த்துப்பாங்கங்கிற தயக்கம். அவர் பயம் நியாயமானதுதான். ஏன்னு புரியணும்னா, மேடையில யார் எங்க உட்கார்றாங்கன்னு கொஞ்சம் பார்க்கணும்.

மிருதங்கத்துக்கு ரெண்டு முகம். கறுப்பா கரணை வெச்ச பக்கம் வலந்தலை. கணீர்னு நாதம் வர்ற பக்கம் அதுதான். மறுபக்கம் தொப்பி. அதுல ரவையைப் பிசைஞ்சு ஒட்டி, அடிநாதத்தை வரவழைப்பாங்க. வலந்தலை ரசிகர்களைப் பார்த்து இருக்கணும்ங்கிறது மேடை வழக்கம். அதனால வலது கைக்காரர் பாடகருக்கு வலது பக்கம் உட்காருவார், வயலின்காரர் இடது பக்கம்.

இடது கைக்காரருக்கு வலந்தலை இடது கையில இருக்கும். அது சபையைப் பார்க்கணும்னா, அவர் பாடகருக்கு இடது பக்கம் வந்தாகணும். அப்போ வயலின்காரர் எழுந்து எதிர்ப்பக்கம் போகணும். புதுசா வந்திருக்கிற ஒரு இளைஞனுக்காக, பேர் வாங்கின வித்வான் எதுக்கு இடம் மாறணும்? சிக்கல் அங்கதான்.

ஒருத்தர் கை கொடுத்தார்

சிக்கலை உடைச்சவர் செம்பை வைத்தியநாத பாகவதர். வெண்கலக் குரல்காரர். கச்சேரிக்குக் கூட்டம் கூட்டுற நட்சத்திரப் பாடகர். அவர் இந்தப் பையனோட வாசிப்பைத்தான் பார்த்தார், கையைப் பார்க்கலை. தன் கச்சேரிகளுக்குக் கூப்பிட்டார். வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம்ங்கிற பஞ்சாயத்தை ஓரமா வெச்சுட்டு, பழனியைப் பக்கத்துல உட்கார வெச்சுப் பாடினார்.

கவனிங்க, பழனிக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது செம்பை இல்ல. அவர் கொடுத்தது இடம். திறமை பழனியோடதுதான். ஆனா அது வெளிய தெரிய, அதிகாரத்துல இருக்கிற ஒருத்தர் கொஞ்சம் நகர்ந்து வழி விட வேண்டியிருந்துச்சு.

கதவு திறந்ததும் பழனி நின்னு பார்க்கலை. ஜி.என்.பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள், மதுரை மணி ஐயர்னு அந்தக் காலத்து முன்னணிப் பாடகர்களோட கச்சேரிகள்ல அவர் மிருதங்கம் ஒலிச்சது. கஞ்சிராவிலும் கில்லாடி. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், பழனி கஞ்சிரான்னு ஒரே மேடையில ரெண்டு சிங்கங்கள் உட்கார்ந்த கச்சேரிகளும் உண்டு.

சரவெடிக் கணக்கு

அவர் வாசிப்புல என்ன விசேஷம்? முதல்ல அந்தத் தொப்பி. தொப்பியை அழுத்தித் தேய்ச்சு வரவழைக்கிற 'கும்கி'ங்கிற உருளும் நாதம், அவர் கையில தனியாப் பேசும். தவிலோட சாயல் இருக்கும். நம்ம பங்குனிப் பொங்கல்ல தவில் சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாத் தோணாது.

அடுத்தது கணக்கு. தனி ஆவர்த்தனம்னா மிருதங்கக்காரர் தன்னந்தனியா வாசிக்கிற நேரம். எழுதி வெச்ச நோட்ஸ் கிடையாது. அவரே கட்டி, அவரே முடிக்கணும். முடிக்கும்போது வைக்கிறதுதான் கோர்வை. ஒரு எளிய கணக்கு பாருங்க. ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. 10 மாத்திரைச் சொற்கட்டு, 1 மாத்திரை இடைவெளி, மறுபடி 10, மறுபடி 1, கடைசியா 10. கூட்டினா சரியா 32. அடுத்த தட்டுல எல்லாம் வந்து டக்குனு உட்காரும். பெரிய வித்வான்கள் இதை மாதிரிப் பல மடங்கு சிக்கலானதை, நிமிஷக்கணக்குல நீட்டி முடிப்பாங்க.

சிவகாசிப் பக்கம் சரம் பின்னுறதைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். சரவெடியோட அழகு வெடியில மட்டும் இல்ல, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலயும்தான். அந்த மௌனத்தை அளந்து வைக்கத் தெரிஞ்சவர் பழனி. கணக்கு எவ்வளவு கடினமா இருந்தாலும், கேட்கிறவருக்கு அது பரீட்சை மாதிரி இருக்காது. மேற்கத்திய இசையில இப்படிக் கட்டுறவரைக் கம்போஸர்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல மிருதங்கக்காரருக்கு ரொம்ப நாளா அந்தப் பேர் கிடைக்கலை.

பேர் மட்டுமா? மியூசிக் அகாடமியோட 'சங்கீத கலாநிதி' விருது மிருதங்கக்காரர் ஒருத்தருக்கு முதன்முதலாக் கிடைச்சது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி அதைப் பார்க்க இல்லை. 1962-லயே காலமாகிட்டார். 60 வயசுகூட ஆகலை.

கண்ணாடிக்குள்ள ஒரு சிஷ்யன்

ஆனா வித்தை நிக்கலை. அவர்கிட்ட குருகுலமாப் படிச்ச பையன் ஒருத்தர் திருச்சி சங்கரன். குரு இடது கை, சிஷ்யர் வலது கை. எதிரெதிர உட்கார்ந்தா, கண்ணாடியில தெரியுற தன் உருவத்தைப் பார்த்துக் கத்துக்கிற மாதிரி! ஊரே குறைன்னு சொன்னது, பாடம் நடக்கும்போது வசதியாவே மாறியிருக்கும்.

அந்தச் சங்கரன் 1971-ல் கனடா போனார். டொரான்டோவுல இருக்கிற யார்க் பல்கலைக்கழகத்துல, ஜான் ஹிக்கின்ஸோட சேர்ந்து தென்னிந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். பல்லாண்டுகள் பேராசிரியர். மேற்கத்திய வாத்தியக் குழுக்களுக்கும், இந்தோனேசிய கேமலான் குழுவுக்கும் இசை எழுதினார். 2011-ல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்துச்சு. குருவுக்குக் கிடைக்காத அதே விருது.

மேடையும் மாறுச்சு. பழனிக்குப் பிறகு தஞ்சாவூர் உபேந்திரன்னு இன்னொரு இடது கைக்காரர் வந்து, பெரும்புகழோட வாசிச்சார். மிருதங்கம் இடது பக்கம் போறது, வயலின் வலது பக்கம் வர்றது எல்லாம் இன்னிக்கு ஒரு சின்ன ஏற்பாடு, அவ்வளவுதான். ஒரு காலத்துல அதுக்காக ஒரு வாழ்க்கையே தேங்கி நிக்க வேண்டியிருந்துச்சு.

இன்னிக்கு ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு, ஜி.என்.பி-யோட பழனி வாசிச்ச பழைய கச்சேரி ஒண்ணைத் தேடிக் கேளுங்க. பதிவு கொஞ்சம் கரகரக்கும், பொறுத்துக்கோங்க. தனி ஆவர்த்தனம் வந்ததும் கண்ணை மூடிக்கோங்க. எந்தக் கை எந்தப் பக்கம்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம், உங்க வீட்டுக் குட்டி நொட்டாங்கையால பென்சிலைப் பிடிச்சா, பிடுங்கி மாத்தி வைக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நீங்க கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துக்கோங்க, போதும்.