ராணியை வெட்டக் கொடுத்து வென்ற வங்காளி: ‘இந்தியன் டிஃபன்ஸ்’ பெயருக்குப் பின்னால் இருக்கும் மகேஷ் சந்திர பானர்ஜி யார்?

சென்னை போட்டி அரங்கிலோ கண்டமங்கலத்தில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ, செஸ் பழகும் பிள்ளைகள் சீக்கிரமே கேட்கும் பெயர் ‘கிங்ஸ் இந்தியன் டிஃபன்ஸ்’. காஸ்பரோவ் ஆடிப் பிரபலமாக்கிய ஆட்டமுறை அது. சரி, அதில் ஏன் ‘இந்தியன்’? அந்தச் சொல் வங்காளத்தைச் சேர்ந்த ஒருவரிடம் நம்மைக் கொண்டுபோய்விடுகிறது.

அவர் பெயர் மகேஷ் சந்திர பானர்ஜி. 1848 வாக்கில், கல்கத்தாவுக்கு வெளியே, யாரிடமும் தோற்றதே இல்லை என்று பேசப்பட்ட ஆட்டக்காரர். இந்தப் பேச்சு ஜான் காக்ரேன் காதுக்குப் போனது. ஸ்காட்லாந்துக்காரரான காக்ரேன் கல்கத்தாவில் வழக்கறிஞர். சாதாரண ஆளில்லை. அன்றைய இங்கிலாந்தின் முதல்நிலை வீரரான ஸ்டான்டனோடு 1840-களின் தொடக்கத்தில் ஏராளமான ஆட்டங்கள் ஆடியவர். அவரும் மகேஷும் எதிரெதிரே அமர்ந்தார்கள். அதன்பிறகு பல ஆண்டுகள், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். அதிகம் ஜெயித்தது காக்ரேன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மகேஷுக்கு ஐரோப்பிய விதிகளே புதிது.

நம்மூர்ப் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். அதனால் ஆட்டம் மெதுவாக விரியும். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, பிஷப்பை ஓரத்தில் பதுக்கி வைப்பது இயல்பான பழக்கம். மகேஷ் அதை அப்படியே கொண்டுவந்தார். நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடிக்க வேண்டும் என்று நம்பிய ஐரோப்பியர்களுக்கு இது விநோதமாகத் தெரிந்தது.

பதுங்கி ஆடுகிறவர் பாயத் தெரியாதவர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். காக்ரேனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். மகேஷ் கறுப்பு. 9-வது நகர்வில் தன் குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை மட்டும் வாங்குகிறார். பிறகு இரண்டு சிப்பாய்களை முன்னே தள்ளுகிறார். காக்ரேனின் குதிரை உள்ளே புகுந்து, மகேஷின் ராணியையும் யானையையும் ஒரே நேரத்தில் மிரட்டுகிறது. நம்மில் பெரும்பாலானோர் கை நேராக ராணியைக் காப்பாற்றத்தான் போகும்.

மகேஷ் ராணியைத் தொடவே இல்லை. சிப்பாயால் எதிராளியின் இன்னொரு குதிரையை வெட்டினார். காக்ரேன் ராணியை வெட்டினார். அந்தச் சிப்பாய் இன்னொரு வெட்டு வெட்டி இன்னும் ஒரு கட்டம் உள்ளே போனது. இப்போதுதான் விஷயம் புரிகிறது. சிப்பாய் விலகியதும் பின்னால் நின்ற பிஷப்புக்கு வழி திறந்து, காக்ரேனின் ராணி மாட்டிக்கொண்டது. சிப்பாயோ யானையை மிரட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டையும் ஒரே நகர்வில் காப்பாற்ற முடியாது. யானை நகர்ந்தது, ராணி போனது. பிறகு மகேஷ் ஒரு யானையை இழந்தாலும் ஆட்டத்தை ஜெயித்தார். இன்றைய கம்ப்யூட்டர் இந்தத் தியாகங்களில் குறை சொல்லலாம். எதிரே உட்கார்ந்திருந்தவர் கம்ப்யூட்டர் இல்லையே!

தாக்குதலில் வெற்றி நகர்வைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். எந்தக் காய் ஆபத்தில் இருக்கிறது என்பதோடு நிற்காமல், எந்தக் காய் நகர்ந்தால் எந்த வழி திறக்கும் என்று பார்க்க வேண்டும்.

இதே பாடம் 1855 மே மாதம் அவருக்கே எதிராகத் திரும்பியது. காக்ரேனின் குதிரை ராஜாவின் வாசலில் வந்து நிற்க, அதன் பின்னால் வெள்ளை ராணி. மகேஷ் தன் குதிரையால் அந்த ராணியை மிரட்டினார். ஆனால் வெள்ளைக் குதிரை விலகினால் குதிரையும் ராணியும் சேர்ந்து இரட்டைச் செக். மூன்று நகர்வில் மேட். கடைசியில் ராணியைக் கொடுத்து, சொந்தக் காய்களுக்கு நடுவே மூச்சுமுட்டி நிற்கும் ராஜாவைக் குதிரை மடக்கும் வகை.

தோற்ற அந்த ஆட்டத்துக்குத்தான் சரித்திரத்தில் இடம். மகேஷ் அதில் தொடங்கிய விதம் இன்று ‘குரூன்ஃபெல்ட் டிஃபன்ஸ்’. ஆஸ்திரிய வீரர் குரூன்ஃபெல்ட் அதை ஆடிக்காட்டியது 1922-ல். அவர் பிறந்ததே 1893-ல்தான்! 1848-ல் மகேஷுக்கு எதிராகக் காக்ரேன் நான்காவது நகர்விலேயே குதிரையைத் தியாகம் செய்த முறைக்கோ ‘காக்ரேன் காம்பிட்’ என்று பெயர். 1999-ல் லினாரஸ் போட்டியில் கிராம்னிக்குக்கு எதிராக டோபலோவ்கூட அதை ஆடினார்.

பெயர் சூட்டுவதில் இருக்கும் ஓரவஞ்சனை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மகேஷுக்குக் கிடைத்தது ‘இந்தியன்’ என்ற பொதுப் பெயர். அது 1884-ல் அச்சில் வந்தது. 1929-ல் பிரிட்டிஷ் சாம்பியனான பஞ்சாபின் மீர் சுல்தான் கானுக்கும் பிஷப்பை ஓரத்தில் வைப்பதில் தனிப் பிரியம்.

காக்ரேன் 1869-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார், 1878-ல் லண்டனில் இறந்தார். மகேஷின் ஆட்டங்கள் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம், அவரோடு ஆடிய இந்த மனிதர் அவற்றைக் குறித்து வைத்ததுதான்.