திசைப்பெயரின் பிறப்புணர்த்திய கால்டுவெல் ஐயர்

நெடுந்தீவில் மலையுமில்லை, பள்ளத்தாக்குமில்லை. எப்பக்கம் நடப்பினும் மட்டமான நிலமும் அதன்பின் கடலுமே. எனினும் தீவின் ஒரு பகுதியைக் கிழக்கென்றும் மற்றொன்றை மேற்கென்றும் வழங்குகின்றோம். கிழக்கு என்பது கீழ் என்பதனடியாகவும், மேற்கு என்பது மேல் என்பதனடியாகவும் பிறந்தவை. ஞாயிறு கடலின் கீழிருந்து எழுதலின் அத்திசை கிழக்காயிற்று என யான் பல்லாண்டு கற்பித்து வந்தேன். ஒருநாள் மாணவனொருவன், அஞ்ஞாயிறு கீழே இறங்கும் திசை மேற்கு எனப்பட்டது எங்ஙனம் என்று வினவினான். விடையறியாது நின்றேன். அவ்விடையை எனக்கு அளித்தவர் இராபர்ட் கால்டுவெல் ஐயர்.

அவர் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் வடபாலுள்ள ஆண்டிரிம் பகுதியிற் பிறந்தார். அந்நாட்டு ஐரிஷ் மொழியிலே கிழக்கு முன்னாகவும், மேற்கு பின்னாகவும், தெற்கு வலமாகவும், வடக்கு இடமாகவும் பெயர் பெற்றன. ஞாயிற்றை நோக்கி நிற்கும் மனிதனின் உடலே அங்கு அளவுகோல். வடமொழியின் பூர்வம், பச்சிமம், தட்சிணம் என்பனவும் அத்தகையனவே. தமிழ் கொண்ட அளவுகோல் வேறு.

கிளாஸ்கோவிற் பயின்ற ஐயர் 1838 ஜனவரியில் சென்னையை அடைந்தார். 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் செம்மணற் பரப்பிலுள்ள இடையன்குடியில் வாழ்ந்து மறைத்தொண்டு புரிந்தார். அதனிடையே தென்னாட்டு மொழிகளை ஒப்பு நோக்கி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார்.

மேற்கே மலைத்தொடர் உயர்ந்து, கிழக்கே கடல் நோக்கி நிலந்தாழும் தமிழகத்தின் சாய்வே இப்பெயர்களுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. மலையாள நாட்டிலோ மலை கிழக்கே, கடல் மேற்கே. ஆயினும் ஆண்டுள்ளோரும் ஓங்கிய மலையிருக்கும் திசையைக் கிழக்கென்றே கூறுவர். ஆதலின் அச்சொல் மலைக்கு இப்பாலிருந்து அங்குச் சென்றதென அவர் துணிந்தார்.

எங்கள் தீவுக்கும் இதுவே பொருந்தும். இங்கே மேலுமில்லை, கீழுமில்லை. சொல் மட்டும் உண்டு. தாம் கண்ட நிலத்தின் சாய்வைச் சொல்லில் வைத்து முன்னோர் கடல்கடந்தும் வழங்கினர்.

1877இல் ஆயரான கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28ஆம் நாள் கோடைக்கானல் மலையிற் காலமானார். அவருடல் கீழே கொணரப்பட்டு, அவர் எழுப்பிய இடையன்குடிக் கோயிலில் அடக்கஞ் செய்யப்பட்டது. சமயத்தில் அவர் நெறி வேறு. என் நெறி வேறு. எனினும் அம்மாணவனுக்கு விடைகூறிய நாளில், என் பிழையையும் அதைத் திருத்தியவர் பெயரையும் வகுப்பிலே மறையாது சொன்னேன்.