தொரப்பள்ளிக்காரர் வாழ்ந்த வீடுகள்

ஓசூர் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் சிப்காட்டும், ஷிப்டு முடிந்து வரும் கம்பெனி பஸ்களும், பெங்களூர் ரோட்டு நெரிசலும்தான் நினைவுக்கு வரும். நம் கல்லூரியில் படித்த பலருக்கும் பிழைப்பே அந்தக் கம்பெனிகளில்தான். அதே ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தொரப்பள்ளி கிராமத்தில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. அரசு அதை நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறது. மூதறிஞர் ராஜாஜி பிறந்த வீடு அது. நம்மில் எத்தனை பேர் அதைப் போய்ப் பார்த்திருக்கிறோம்?

1878 டிசம்பர் 10 அன்று அவர் அங்கே பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வெங்கடார்ய ஐயங்கார் அந்த ஊர் முன்சீப், தாய் சிங்காரம்மாள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகிற எல்லைப்புறம் அது. ராஜகோபாலனுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. ஓசூர் பள்ளியில் படித்து 1891-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அதன்பின் சென்னை மாநிலக் கல்லூரி. இன்று நம் மாணவர்கள் தினமும் போய்வருகிற அதே திசையில்தான் அந்தப் பையனும் மூட்டை கட்டிக்கொண்டு போனான்.

1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில். கை நிறையச் சம்பாதித்தார், நகராட்சித் தலைவராகவும் இருந்தார். நாற்பது வயது ஆவதற்குள் மனைவி அலமேலு மங்கம்மாள் ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டுக் காலமானார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மனைவி நடமாடிய வீட்டில், அவள் இல்லாமல் ஐந்து பிள்ளைகளோடு இருப்பது எப்படிப்பட்ட பாரம் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். கொஞ்ச காலத்தில் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

சென்னை கதீட்ரல் சாலையில் அவர் குடியிருந்த வீட்டில் 1919 மார்ச்சில் ஒரு விருந்தாளி வந்து தங்கினார். அவர்தான் காந்தியடிகள். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுதும் கடையடைப்பு நடத்தலாம் என்ற எண்ணம் காந்திக்கு உதித்தது அந்த வீட்டில்தான். அதற்கப்புறம் ராஜாஜி வக்கீல் தொழிலையே விட்டார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். அங்கே அவர் எழுதிவந்த நாட்குறிப்பு பிறகு புத்தகமாக வந்தது.

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது பெரிய வக்கீல் குடிசைவாசி ஆனார். தாழ்த்தப்பட்டவர்களையும் ஆசிரமத்தில் சமமாகச் சேர்த்துக்கொண்டதால் சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பு வந்தது. அதற்காக அவர் கதவைச் சாத்தவில்லை.

1930 ஏப்ரலில் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது. யாத்திரிகர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள்! வீட்டுக் கதவைத் திறக்கக் கூடாது என்றால் மரமே வீடு ஆகிவிடும் போலிருக்கிறது. ஒரு சாதாரண பொட்டலத்துக்கு அவ்வளவு அர்த்தம் வந்தது, கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்ட ஆபத்தால்தான்.

அவர் பிரதமராக இருந்த 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தார்கள். அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தது அவருடைய அரசு. 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி, 340 அறைகள் கொண்ட டில்லி மாளிகைக்குக் குடிபோனார். அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியர் அவர்தான். அங்கேயும் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வார், செருப்பைத் தானே துடைப்பார் என்று சொல்வார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு கசப்பான விஷயத்தை மறைக்கக் கூடாது. முதலமைச்சராக இருந்த அவர் 1953-ல் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் வகுப்பில் இருந்தால் போதும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். பள்ளிகளில் இடமும் ஆசிரியர்களும் போதவில்லை என்பது அவர் பக்கத்து நியாயம். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-ல் அவர் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். தொரப்பள்ளி வீட்டை விட்டு ஓசூர் பெஞ்சுக்கு வந்ததால்தான் ராஜாஜி ராஜாஜி ஆனார். முன்சீப் மகனுக்கு வீடு என்பது அன்போடு வழியனுப்பி வைத்த இடம். செருப்புத் தைப்பவர் மகனுக்கோ, சலவைத் தொழிலாளி மகனுக்கோ வீடு அப்படி இல்லையே! அந்தப் பிள்ளை சாதியை மறந்து உட்காரக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடப் பெஞ்சு. ஆசிரமத்துக் கதவைத் திறந்து வைத்த பெரியவர், அந்தப் பெஞ்சின் அருமையைக் கணிக்கத் தவறினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிற்காலத்தில் சென்னை பசுல்லா சாலை வீட்டில் எழுத்தும் அரசியலுமாக இருந்து, 1972 டிசம்பர் 25 அன்று 94-வது வயதில் மறைந்தார்.

முன்னாள் மாணவர்களான நாம் கூடும்போது பழைய வகுப்பறையைத் தேடிப் போகிறோம், நாம் உட்கார்ந்த பெஞ்சைத் தடவிப் பார்க்கிறோம். நம்மில் பலர் அவரவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அதனால்தான் அந்த மரப்பலகைக்கு அவ்வளவு மதிப்பு. இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொரப்பள்ளிக்குப் போய்விட்டு வாருங்கள். வரும்போது, பீஸ் கட்ட முடியாமல் உங்கள் வகுப்பில் யாராவது நின்றுபோகிற நிலையில் இருந்தால் நம் சங்கத்திடம் சொல்லுங்கள். அந்தப் பெஞ்சு காலியாகக் கூடாது.