நிழலுக்குள் ஒளி செய்தவர்: ராஜா தீன் தயாள்

கம்மாபுரத்தை ஒத்த ஊர்களில் பழைய வீட்டுக் கூடங்களின் சுவர்களிலே பாட்டனாரும் பாட்டியாரும் மாலையிட்ட சட்டங்களுக்குள் இருப்பர். நிமிர்ந்த முதுகு, கைவைத்த நாற்காலி, அருகே பூச்சாடி தாங்கிய முக்காலி, பின்புறம் திரைச்சீலையில் தீட்டிய தூணும் படிக்கட்டும். அத்தகைய மாளிகை எதிலும் வாழ்நாளில் கால் வைத்திராதவர்களே அதன்முன் வீற்றிருப்பர். இந்த அமர்வுமுறை ஐரோப்பியப் படநிலையங்களில் தோன்றி, இந்திய அரண்மனைகளின் வழியாக நடுத்தரக் குடும்பங்களை வந்தடைந்தது. அரண்மனைகளில் அதனைப் பயின்று உயர்ந்த இந்தியருள் பெரும்புகழ் எய்தியவர் ராஜா தீன் தயாள்.

மீரட்டை அடுத்த சர்தனாவில் 1844ஆம் ஆண்டு சமணக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1866ஆம் ஆண்டளவில் இந்தூர் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் பணியேற்றார். கட்டடங்களை அளந்து கோடிழுத்த அந்தக் கை, 1874ஆம் ஆண்டளவில்தான் நிழற்படக் கருவியைத் தொட்டது. முப்பது வயதில் புதுக்கலையொன்றைத் தொடங்கியவருக்கு இந்தூர் அரசர் இரண்டாம் துக்கோஜி ராவ் ஹோல்கரும் ஆங்கில அதிகாரி சர் ஹென்றி டேலியும் ஊக்கமளித்தனர். வேல்ஸ் இளவரசர் 1875–76இல் இந்தியா வந்தபோது அவ்வருகையைப் படமெடுக்கும் வாய்ப்பும் கிட்டியது. பின்னர் சர் லெபல் கிரிஃபினுடன் நடு இந்தியாவெங்கும் சென்று தொல்கட்டடங்களைப் பதிவு செய்தார். ஒரு கோபுரத்தின் மீது வெயில் எந்நேரத்தில் எவ்வாறு சாயும் என்பதை அறிந்தவர் மனித முகத்தையும் அதே பொறுமையோடு அணுகினார் எனக் கருத இடமுண்டு.

அரசுப் பணியிலிருந்து விலகி, 1880களின் நடுப்பகுதியில் அவர் செகந்தராபாத்தில் படநிலையம் கண்டார். ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் அவரை அரசவை நிழற்படக் கலைஞராக ஏற்றார். 1894இல் ராஜா பகதூர் முசவ்விர் ஜங் என்னும் பட்டத்தையும் அளித்தார். முசவ்விர் என்பது ஓவியனைக் குறிக்கும் சொல்லாகும். கருவியை இயக்குபவருக்கு ஓவியப் பட்டம் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். அக்காலப் படநிலையத்தின் தொழில்முறையை அறிந்தால் அவ்வையம் நீங்கும்.

மின்விளக்கை நம்பி நடந்த தொழிலன்று அது, பகலொளியே மூலதனம். கூரையின் ஒரு பக்கமும் சுவரின் ஒரு பகுதியும் கண்ணாடியாக, இயன்றவரை வடக்கு நோக்கி அமையும். நேர்வெயில் விழாத திசையின் ஒளி மென்மையானது. அதனையும் திரைகளை இழுத்தும் விலக்கியும் கலைஞர் வேண்டியவாறு அளந்துகொள்வார். ஒளி உச்சியிலிருந்து விழுந்தால் கண்குழிகள் இருண்டு முகம் முதிர்ந்து தோன்றும். நேர்முன்னிருந்து விழுந்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகும். ஆகவே பக்கவாட்டில் சற்று மேலிருந்து ஒளியை வரவிட்டு, நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைத் துணித்திரையொன்றை நிறுத்துவர். அத்திரை திருப்பியனுப்பும் சிற்றொளி நிழலை அழிக்காமல் கனிவிக்கும். அமர்ந்தவர் சில நொடிகள் அசையாதிருத்தல் வேண்டுமாதலால், தலைக்குப் பின்னே கண்ணுக்குத் தெரியாதவாறு இரும்புத் தாங்கியொன்று நிற்பதும் உண்டு. பழம்படங்களின் விறைப்பிற்கு மரியாதை மட்டுமே காரணமன்று.

இதனினும் பெரிய இடர் கண்ணாடித் தகட்டில் இருந்தது. அக்காலத் தகடு நீலத்தை வெண்மையாகவும், சிவப்பையும் மஞ்சளையும் கருமையாகவும் பதியும் இயல்புடையது. மஞ்சள் பூசிக் குளித்த முகம், நேரில் பொன்னொளிரும் முகம், தகட்டில் இருண்டுவிடும், குங்குமம் கரும்பொட்டாகும். இந்தியரின் மாநிறமே உள்ளதைவிட ஆழ்ந்து பதியும். உண்மையை அப்படியே காட்டுவதாகப் பெயர்பெற்ற கருவி, இந்நாட்டு முகங்களைப் பொறுத்தவரை பொய்யே கூறியது. எனவே ஒளியைக் கூட்டுவதும், பின்னர்க் கூர்ந்த பென்சில் கொண்டு தகட்டைத் திருத்துவதும் வெறும் முகப்புகழ்ச்சி ஆகா. தகட்டில் தெளிவாயிருக்கும் புள்ளியே அச்சில் கருமையாகும். அப்புள்ளியைப் பென்சிலால் மெல்ல நிரப்பினால் அம்மைத் தழும்பும் கண்ணடிச் சுருக்கமும் மறையும். மிகுந்தால் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும். எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே கலை; ஓவியப் பட்டம் பொருந்துவதும் அவ்விடத்திலேயே.

அவர் வாழ்வில் தனித்து நோக்கத்தக்க செயலொன்று 1892இல் நிகழ்ந்தது. ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனிப் படநிலையமொன்றைத் தோற்றுவித்தார். உயர்ந்த மதில் சூழ்ந்த அவ்விடத்தில் ஆடவர்க்கு நுழைவில்லை. கென்னி-லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி பொறுப்பேற்றார், உதவியாளரும் பெண்களே. முகத்திரையிட்டு வாழ்ந்த குலமகளிர் அயலார் பார்வை படாமல் அங்கே திரை நீக்கி அமர்ந்தனர். நிலையத்தை உருவாக்கியவரோ, ஆடவராதலின், படமெடுக்கும் வேளையில் அதனுள் நிற்க இயலாது. நாற்காலியை எப்பக்கம் திருப்புவது, எத்திரையை எவ்வளவு இழுப்பது என்பவற்றை அங்கே பெண்களின் கண்ணே முடிவு செய்தது. தந்தையும் கணவனும் மட்டுமே கண்டிருந்த முகத்தை, அம்மகளிர் தாமே கையிலேந்தித் தாளில் பார்த்த கணம் எத்தகையதாயிருக்கும்! இந்தியப் பெண்களின் வரலாறு எழுதுவோர் இந்நிலையத்திற்கு இன்னும் பல பக்கங்கள் ஒதுக்கலாம்.

சிகாகோவில் 1893இல் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவர்தம் படங்கள் இடம்பெற்றன. பம்பாயில் 1896இல் ஒரு கிளை எழுந்தது. மறு ஆண்டு விக்டோரியா பேரரசியின் அரச ஆணைச் சான்றும் வந்தது.

புகழின் இவ்வுச்சிக்குப் பின்னர், 1899–1900ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது எடுக்கப்பட்ட படங்களிலும் அவர் பெயர் காணப்படுகிறது. அவுரங்காபாத்தில் எலும்பெழுந்த இளைஞர்கள் கோவணத்தோடு வரிசையாக நிற்கும் படம் அவற்றுள் ஒன்று. அங்கே திரைச்சீலையும் இல்லை, கனிவிக்கும் வெண்துணியும் இல்லை. தம்மை எவ்வாறு காட்டவேண்டும் என்று கேட்கும் நிலையில் அவர்கள் இருந்திருக்க முடியாது. மன்னருக்குக் கிட்டிய பக்கவொளி அவர்களுக்குக் கிட்டவில்லை என்னும் குறை, அரசவை ஆல்பங்களை வியந்து புரட்டுவோரையும் உறுத்தவே செய்யும்.

மகன்கள் ஞான் சந்தும் தரம் சந்தும் தந்தையின் தொழிலிலேயே இருந்தனர். தரம் சந்த் 1904இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தீன் தயாள் பம்பாயில் காலமானார். அவரது நிலையத்தின் 2,857 கண்ணாடித் தகடுகளைப் புதுதில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் பெற்றது. இந்திய அஞ்சல்துறை 2006இல் அவருக்கு நினைவுத் தபால்தலை வெளியிட்டது.